புரமோஷன் வாயால் எருமை

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கிக்கொள்ளாத ஒரே பொருள், புரமோஷனின் பாராட்டு.

புரமோஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கடைக்கு மட்டும் தெரியும். கபடி ஆடமாட்டார், சொல்லித் தரவும் மாட்டார். ஊர் டீமில் ஆடும் பிள்ளைகளில் எது மாவட்டத்துக்குப் போகும், எது மாநிலத்துக்கு ஏறும் என்று பார்ப்பார், அவ்வளவுதான். ஏறி முடித்தவர்கள் மீது அவருக்கு அக்கறையே கிடையாது.

"அவன் டிவில வந்துட்டாம்மா. இனிமே ஊரே பாத்துக்கும். நமக்கு இன்னும் வராத ஆளுதான் வேணும்" என்பார்.

வழியில் விசில் சத்தம் கேட்டால் ஆட்டோ தானாக அந்தப் பக்கம் திரும்பும். காய்ச்சலுக்கு ஊசி போடக் கிளம்பியவர்கள் அரையிறுதியைப் பார்த்துக் கத்திவிட்டு, வேர்த்துக் காய்ச்சல் இறங்கி வீடு திரும்பியிருக்கிறார்கள். வெள்ளிமலையில் ஒரு பெண் எதிரணிக்குள் நன்றாகக் கபடி பாடிப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, ஆட்டோவை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு மலையேறினார். பார்த்தார். "இவ ஸ்டேட்டு ஆடுவா" என்று ஊர் நடுவே அறிவித்தார். அடுத்த வாரமே அவளுக்கு மஞ்சள் காமாலை.

அதற்கு முன் களமருதூர் பையன் ஒருவனைப் பாராட்டினார், முட்டி போயிற்று. இன்னொருத்தியைப் பாராட்டினார், கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. அதன் பிறகு அவர் மைதானத்துக்குள் நுழைந்தால் தாய்மார்கள் வடாம் காயும் இடத்தில் காக்கையைப் பார்த்ததுபோல் எழுந்து நிற்பார்கள்.

நான் படித்தவள். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவள். கண் திருஷ்டியை எல்லாம் நம்பமாட்டேன். வாரம் தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது வேறு விஷயம். ஆகவே, என் மகள் கயல் பள்ளி டீமில் ஆட ஆரம்பித்ததும் நேராகப் போய் அவர் ஆட்டோவை மறித்தேன்.

"அண்ணே, எம் பொண்ண பத்தி வாயத் தொறந்தா நல்லதா ஒரு வார்த்த வரக்கூடாது."

"அப்ப இன்னா வரணும்?"

"திட்டுங்க."

"ஜாஸ்தியாவா, கம்மியாவா?"

"உங்க இஷ்டம்."

இப்படி ஒரு வேண்டுகோளை எந்தத் தாயும் வைத்திருக்கமாட்டாள். எந்த மனிதனும் இவ்வளவு மனசார நிறைவேற்றியிருக்கமாட்டான். மாவட்டத் தேர்வில் கயல் கோட்டைத் தாண்டியதும் கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது: "ஏய் எரும! கபடி பாடுறியா, தாலாட்டு பாடுறியா? அந்த டீமே தூங்கிடும் போலக்கிதே!"

தேர்வானாள். மகள் ஒரு படி ஏறினால் வசவும் ஒரு படி ஏறியது. மாநில முகாமுக்கே வந்து, "வாசக்கோலத்துக்குப் புள்ளி வைக்கற மாரி கால் வைக்கிறா பாரு!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த அம்மா கொதித்துப்போய், "யாருங்க அந்த ஆளு? போலீஸ்ல சொல்லுங்க" என்றார்.

"தெரியலையேங்க" என்றேன்.

போன மாதம், மாநில அணிக்கான கடைசித் தேர்வு. கயல் பாடிப் போனாள். இரண்டு பெண்கள் கணுக்காலைப் பிடித்தார்கள். அவள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சமையலறையில் கரண்டி விழுந்தாலும் ஓடிப்போய் அவளைத்தான் பார்க்கிறேன். எலும்பு தப்பியது, தசைநார் கிழிந்துவிட்டது. பயிற்சி செய்தால் மறுபடி ஆடலாம் என்றார் டாக்டர். இவளோ சுவரைப் பார்த்துப் படுத்தவள், காலைத் தரையில் வைக்க மறுத்துவிட்டாள்.

புரமோஷனைக் காணோம். எனக்குச் சந்தேகம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்தேன். ஆட்டோவுக்குள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உண்மைய சொல்லுங்க. யார்கிட்டயாவது அவ நல்லா ஆடுறான்னு சொன்னீங்களா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லம்மா."

"பின்ன?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு அவ எறங்கி வந்தா பாரு... மனசுக்குள்ள ஒரே ஒரு தடவ நெனச்சிட்டம்மா."

சண்டைக்குப் போனவள், அவர் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

"வூட்டுக்கு வாங்கண்ணே. திட்ட ஆளில்லாம படுத்துக்கினே கெடக்கறா" என்றேன்.

வந்தார். உள்ளே வரவில்லை, தெருவில் நின்றே தொடங்கினார். "இன்னாடி எரும, கட்டில தேய்ச்சிக்கினு இருக்க? கால ஊனுனா பூமி கொறஞ்சிடுமா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "யோவ் புரமோஷன், இருய்யா வரேன்!" என்று கயல் கத்தினாள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன்: கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாகப் பாதத்தைத் தரையில் வைத்தாள்.

எதிர் வீட்டு அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தார். "யாருங்க அந்த ஆளு?"

"எங்க வூட்டு ஆளுங்க" என்றேன்.