அரைத் தொட்டி

"கேட்டிருந்தா நானே சூடாப் போட்டுக் கொடுத்திருப்பேனே. எச்சில் சோத்தை ஒளிச்சு எடுத்துட்டுப் போற அளவுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"சத்தம் போடாதீங்க. நான் சாப்பிட எடுக்கல."

"பின்னே எதுக்கு இந்தத் தூக்குவாளி?"

சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், மதியக் கூட்டம் கலைந்த நேரம். ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் கரண்டியுமாக, பச்சைத் தொட்டியின் முன்னால் முதலாளி குந்தியிருந்தார். எதிரே இடுப்பில் கை வைத்தபடி சமையல்காரம்மா. பாத்திரம் தேய்க்கிற அக்கா குழாயை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டாள்.

முதலாளிக்குத் தெருவில் 'அப்புறம் அண்ணன்' என்று பெயர். கூரை ஒழுகினாலும் அப்புறம், பல் வலித்தாலும் அப்புறம். பதினோரு வருஷமாகத் தன் கடையில் சமைக்கிற அந்த அம்மாவைப் பெண் கேட்பதும் அப்புறம்தான். இருவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று, தடுக்க ஆளில்லை. தெருவே அண்ணே என்று கூப்பிடுகிற மனிதரை அவள் மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, 'முதலாளி'தான். அதற்கு என்ன அர்த்தம் என்று நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். வாய்தான் வரவில்லை.

இப்பேர்ப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு காரியத்தை முன்கூட்டிச் செய்தார். தட்டில் மிஞ்சுவது தனி, தோல் காம்பு தனி, காகிதம் தனி, கலந்தால் கடைக்குப் பூட்டு என்று புதுச் சட்டம் வருவதாக அறிவிப்பு வந்தது. இரண்டு மாதம் இருக்கும்போதே மூன்று தொட்டி வாங்கி, மிச்சத்தை ஏற்றிப் போக வண்டியும் பேசி, ஒத்திகை தொடங்கிவிட்டார். இந்தச் சட்ட வேலை ஒரு வழியாக முடியட்டும், கையோடு பெண் கேட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு திட்டம்.

முதல் நாளே வினை. அதுவரை எல்லாம் ஒரே கூடையில் போனது. எது எவ்வளவு என்று யார் கண்டார்கள்? இப்போது தட்டு மிச்சத்துக்கான பச்சைத் தொட்டியைத் திறந்தால், சோறும் காயுமாக அரைத் தொட்டி. முதலாளி அவசரமாக மூடியைப் போட்டார். அவள் கைச் சமையலை ஊர் இப்படியா ஒதுக்குகிறது? கண்ணில் பட்டால் மனசு உடைந்துபோவாளே.

மேசை மேசையாக நின்று, மிச்சம் வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். வாய்க்குள் எட்டிப் பார்க்கிற ஆள் பக்கத்தில் நின்றால் யாருக்குச் சோறு இறங்கும்? பாதியில் எழுந்து போனார்கள். தொட்டி முக்காலாயிற்று. பரிமாறுகிற கரண்டியைச் சின்னதாக்கினார். வந்தவர்கள் கோபத்தில் நாலு தரம் கேட்டு வாங்கி, அதையும் ஒதுக்கி வைத்தார்கள். தொட்டி நிறைந்தது. மிச்சத்தைத் தோல் தொட்டிக்குள், தோலுக்கு அடியில் ஒளித்துப் பார்த்தார். கலந்துவிட்டாய் என்று சமையல்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் பாத்திரம் தேய்க்கிற அக்கா. கடைசியில்தான் வீட்டுக்குக் கடத்த இந்தத் தூக்குவாளி.

"கேக்குறேன்ல, எதுக்கு?"

பூனைக்கு என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமாகத் தொண்டையில் நிற்பதைச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"உங்க சமையல் குப்பைக்குப் போறதை நீங்க பாக்க வேண்டாமேன்னுதான்..."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகத் துடைத்தாள்.

"ஒரு மாசமா என் சமையல் குப்பைன்னு தெரிஞ்சிருக்கு. சரி. வேற ஆளைப் பாத்துக்கோங்க, அண்ணே."

அண்ணே. தெருவே மனசுக்குள் நடத்தி வைத்திருந்த கல்யாணம் அந்த ஒரு சொல்லில் கலைந்தது என்று பாத்திரம் தேய்க்கிற அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் இருந்தார்; சட்டம் அமலுக்கு வரட்டும், அப்புறம் என்று.

வந்தது. புதுச் சமையல்காரரும் வந்தார், தொட்டி வழிந்தது. அதிகாரி பார்த்துவிட்டு, பிரித்ததில் ஒரு குறையும் இல்லை என்று சுவரில் சான்றிதழ் ஒட்டிவிட்டுப் போனார். அதன் கீழே முதலாளி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டில் பாதி மிஞ்சியது.

மாதக் கடைசியில், மிச்சம் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் வழக்கம்போல் மூன்று மணிக்கு வந்தார். தொட்டியைத் தூக்குமுன் கையைக் கழுவி, சட்டைப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை அவர்தான். பெண், சமையல்காரம்மா. தாலி கட்டிய கையோடு இருவரும் வேறு ஊருக்குப் போகிறார்களாம். அங்கே சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட இடம் பார்த்தாயிற்றாம்.

முதலாளி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவழியாகக் கேட்டார்.

"பன்னெண்டு கடையில தூக்குறேன், அண்ணே," என்றார் வண்டிக்காரர். "இதே கூட்டம் வர்ற கடைங்கதான், மத்த எல்லா இடத்துலயும் ஒத்திகை தொடங்கின முதல் நாளே ரெண்டு தொட்டி வழிஞ்சுது, உங்க கடையில மட்டும் அரைத் தொட்டி, இவ்வளவு கொஞ்சமா மிச்சம் விழுற மாதிரி சமைக்கிற கை யாரோடதுன்னு அன்னிக்கே விசாரிச்சுட்டேன்."