மானை விரட்டிய குரலுக்கு ஒரு பாட்டு

ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்து கோணலாக வரும், ஞாபகமும் நடுவில் அறுந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இஞ்சின் மாஸ்டரின் காதுக்குத் தப்பிய சத்தம் கிடையாது.

படகு இஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். கழற்றிப் பார்க்கமாட்டார். மூடியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மனிதர்களையும் அப்படித்தான் கேட்பார். எங்கள் முதியோர் சங்கத் தலைவர் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, பேச்சு எப்படி என்று கேட்டாராம். தொண்டைக்கு எண்ணெய் காணாது, சுடுதண்ணீர் குடியுங்கள் என்றாராம் மாஸ்டர்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழக்கியதும் அவர்தான். இந்த முறை ஆளுக்கொரு பாட்டு, தனியாகப் பாடவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். எனக்கோ ஆம்பிளைக் குரல். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது ரீச்சர் வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். அசைத்தேன். எழுபத்திரண்டு வயதுவரை கோயிலிலும் அசைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு தரமாவது சத்தமாகப் பாடிவிட்டுச் சாகவேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்டர் பெண்கள் பாடும் பாட்டுகள் ஐந்தாறு தந்தார். எல்லாவற்றிலும் இரண்டாம் அடியிலேயே குரல் மேலே ஏறமாட்டாமல் நின்றது. என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று மண்டபத்துக்குள் தலையை நீட்டி, மேசையில் இருந்த மாலையைத் தின்னத் தொடங்கியது. நான் என்னை மறந்து அதட்டினேன். மான் ஓடியது. பாட்டுப் பழக வந்திருந்த மூன்று கிழவர்களும் எழும்பி நின்றார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, உங்கட குரலில ஒரு பழுதும் இல்லை. பாட்டுத்தான் பிழை. பெரிய இஞ்சினைக் கொண்டுபோய்ச் சின்னத் தோணியில பூட்டியிருக்கிறம்."

"அப்ப எனக்கு எந்தப் பாட்டு, தம்பி?"

"உங்கட அப்பா சல்லிக் கடற்கரையில என்ன பாடினவர்?"

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' சொல்லி இழுப்பார்கள். அப்பாதான் அடி எடுப்பவர். பெண்கள் அதைப் பாடும் வழக்கம் இல்லை என்றேன். அதை மீனிடம் கேட்டுப் பார்ப்போம் என்றார். ஆர்மோனியத்தில் இடதுபக்கக் கட்டை ஒன்றை அழுத்தினார். என் குரல் அதில் போய்ச் சுகமாக உட்கார்ந்தது.

விழாவன்று மேடையில் ஏறி அடி எடுத்தேன். முன்வரிசையில் பழைய வலைக்காரர்கள். இரண்டாம் அடியில் 'ஏலேலோ' என்றார்கள். நாலாம் அடியில் கதிரைகளை விட்டு எழும்பி, இல்லாத கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எங்கள் பிழை விளங்கியது. அம்பாவுக்கு முடிவு கிடையாது. வலை கரைக்கு வந்தால்தான் நிறுத்துவது. மண்டபத்தில் வலை எங்கே வரும்? நான் நிறுத்தினால் அவர்கள் விழுந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவர்கள் நிறுத்தினால் என் மனம் நோகுமோ என்று அவர்களுக்குப் பயம். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

கடைசியில் மாஸ்டர் மேடையில் ஏறி, என் தோளைத் தொட்டார்.

"வலை கரைக்கு வந்திட்டுது அக்கா. இனி விடலாம்."

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்காக ஓர் அர்ச்சனை செய்யப்போகிறேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். 'இஞ்சின் மாஸ்டர்' என்று சொல்ல ஏலாது. அவரிடமே கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது சரியாக விசாரித்து எழுதிவிடுங்கள். பிழையான பெயருக்கு அந்தப் புண்ணியம் போய்விடக்கூடாது.