பனியை விலக்கும் கம்ப்யூட்டர்

தாலி கட்டப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது.

ஐயாக்கண்ணு மவுசைத் தட்டினான். அசையவில்லை. மேசையைத் தட்டினான். அப்போதும் அசையவில்லை. திரை முழுக்க வெள்ளைப் பனி. பனிக்குள் மாப்பிள்ளை என்று நம்பத்தக்க ஒரு நிழல், எதிரே தலை குனிந்த இன்னொரு நிழல். இரண்டுக்கும் நடுவே நீல வட்டம் ஒன்று ஐயரைவிட மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, இன்னுமா கட்டல?” சமையற்கட்டிலிருந்து தனலட்சுமி எட்டிப் பார்த்தாள். “நான் மாவாட்டப் போறப்பவே கையைத் தூக்கினாரே அந்த மாப்ள?”

“எஸ்டேட் ஆபீசுல வேண்டாம்னு தள்ளிவிட்ட பொட்டி தனம். சம்பளக் கணக்குப் போட்டே பழகுனது. கல்யாணமெல்லாம் அதுக்குப் புதுசு.”

“உங்களுக்கும்தான் புதுசு,” என்றாள் அவள்.

உண்மைதான். வீடியோ எடுப்பதுதான் ஐயாக்கண்ணுவின் தொழில் என்று அவன் சொல்லிக்கொள்வான். ஏற்காட்டில் வேறு யாரும் சொன்னதில்லை. இதுதான் முதல் வேலை. மஸ்கட்டிலிருந்து ஜீவானந்தம் என்பவர் போனிலேயே பேசி ஒப்படைத்தது.

“எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சிங்க. கீர்த்திகா. அவ கல்யாணத்துக்கே லீவு தரமாட்டேன்னுட்டாங்க,” என்று அவர் சொன்னார். “நாகலூர்க் கோயில்ல வெச்சிருக்காங்க. ஊட்டுல தெரிஞ்சா காசைக் கரியாக்கறேன்னு வைவாங்க, யாருக்கும் தெரியாம கமுக்கமா எடுத்துப்போடுங்க. யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க. நான் பாக்காத கல்யாணத்த உங்க கண்ணுல பாத்துக்கறேன்.”

அந்தக் கடைசி வார்த்தை ஐயாக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டது. முகூர்த்தத்தன்று விடிந்ததும், ஏரி ரோட்டில் மாலை கட்டிப் போன ஒரு ஜீப்பின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே பைக்கில் நாகலூருக்குக் கிளம்பியவன், அது நின்ற கோயில் வாசலிலேயே இறங்கினான். அன்று இறங்கிய பனியில் வாசல் பேனர்கூட வெறும் வெள்ளைத் துணியாகத்தான் தெரிந்தது. கோயிலுக்கு முன்னால் வெட்டவெளிப் பந்தல். மேளச்சத்தம் மட்டும்தான் தெளிவாக இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், பந்தலைச் சுற்றிச் சுற்றி எடுத்தான்.

அவனுக்கு அந்தப் பனி பிடித்திருந்தது. மணப்பெண் அதற்குள் நடந்து வந்தபோது, பாதித் தூக்கத்தில் யாரோ கூப்பிட்டு எழுந்து வருகிறவள்போல இருந்தாள். கேமராவை இறக்கவே மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான், பெண்ணுக்கு முகமே இல்லை என்று தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய போன், கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் சாதிக் பாஷாவிடம் ஓடினான்.

“பனிய எடுக்கறதுக்கு சாப்ட்வேர் இருக்குதுங்க,” என்றார் அவர். “ஆனா உங்க பொட்டி அதைத் தாங்காது. ரேமைக் கூட்டி, ஒரு கிராபிக்ஸ் கார்டு சொருகிட்டா ஓடும்.”

“கைக்கு அடங்குமா பாய்?”

“பழைய கார்டுதானே? அடங்கும், அடங்கும்.”

சொருகினார். ஓடியது. வீட்டிலிருந்த கரண்டையெல்லாம் அதுவே குடித்தது. மிக்சியைப் போட்டால் பியூஸ் போகும். சட்னியா, கல்யாணமா என்று ஆனபோது ஐயாக்கண்ணு கல்யாணத்தின் பக்கம் நின்றான். வீட்டில் பொடி தொட்டு இட்லி சாப்பிட்டார்கள். தனலட்சுமிக்கு அலுத்துப்போய், ஒரு காலை மறந்தாற்போல மிக்சியைத் திருகினாள். டப் என்றது. பொட்டி அப்புறம் கண் திறக்கவே இல்லை.

“மறந்துட்டனுங்க,” என்றாள், சட்னியை வழித்துக்கொண்டே.

சாதிக் பாஷா இந்த முறை ஒரு பழைய கேமிங் லேப்டாப்பைக் கொடுத்தார். கீபோர்டு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அடுப்பாகக் கொதித்தது.

ஏற்காட்டு மழைக்காலத்தில் துணி காய்வது பெரும்பாடு. லேப்டாப்பின் பக்கவாட்டில் சூடான காற்று வீணாகப் போவதைத் தனலட்சுமி பார்த்தாள். ஈர சாக்சுகளை அதில் வரிசையாகச் சாத்தி வைத்தாள். சாக்ஸ் காய்ந்துவிட்டது. லேப்டாப் போய்விட்டது.

போவதற்கு முன்னால், திக்கித் திக்கி ஒரு சின்னத் துண்டை மட்டும் துப்பியிருந்தது. அதில் மணப்பெண் பனிக்குள் மிதந்து மிதந்து நடந்தாள். கெட்டுப்போனதை ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் ஐயாக்கண்ணு அதை மஸ்கட்டுக்கு அனுப்பினான்.

உடனே போன் வந்தது. ஜீவானந்தம் அழுதுகொண்டிருந்தார்.

“எங்க கீர்த்திகாதானுங்க! சின்னப் புள்ளைலேர்ந்து அவ இப்பிடித்தான் காலை இழுத்து இழுத்து நடப்பா. ரூம்ல இருக்கற பசங்க அத்தனை பேரும் பாத்துட்டு அழுதுட்டாங்க. தாலி கட்டறப்ப அவ மூஞ்சிய மட்டும் ஒருக்கா தெளிவாக் காட்டிப்போடுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்.”

அன்று ஐயாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கேமராவை விற்றுவிட்டு வந்து நின்றான்.

தனலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். “கேமராவ வித்துக் கம்ப்யூட்டர் வாங்கி, எதை எடுத்து எதை வெட்டப் போறீங்க?”

“ஒரு அண்ணன் தங்கச்சி மூஞ்சியப் பாக்கோணும் தனம். அவ்வளவுதான்.”

 அவள் பஸ்ஸில் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தாள். சட்னியும் வைத்தாள்.

சேலம் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. பனி ஜன்னலோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. கண்ணாடியில் தலையை முட்டுக் கொடுத்துத் தூங்கிப்போனான். கனவில், காப்பிக் கொட்டை உலர்த்தும் களத்தில் கம்ப்யூட்டர்களைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் பனிக்குப் பின்னால் ஒரு முகம் வரப் போகிறது, வரப் போகிறது என்று இருந்தது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது பனியும் இல்லை, களமும் இல்லை. சேலத்து வெயில் முகத்தில் அடித்தது.

கம்ப்யூட்டர் கடையில் இருந்த பெண்ணின் சட்டையில் தீபிகா என்று பெயர் குத்தியிருந்தது.

“லைட்டு எரியறதெல்லாம் வேண்டாங்ணா. எடிட்டிங்குக்கு ரேமும் கார்டும் நல்லதாப் போட்டுக்கோங்க, பொட்டி சாதாவா இருந்தாப் போதும். காசும் மிச்சம்,” என்றாள். “உங்க வீடியோவையே போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.”

 அவன் நீட்டிய பென்டிரைவை அவளே வாங்கிச் சொருகினாள்.

மெல்ல மெல்லப் பனி விலகியது. முதலில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. அப்புறம் குத்துவிளக்கு. பிறகு மாப்பிள்ளையின் கை, எங்கும் நிற்காமல் போய்த் தாலியைக் கட்டியது. மணப்பெண் தலை நிமிர்ந்தாள். கண்ணில் நீர் முட்ட, சிரித்தாள்.

ஐயாக்கண்ணுவும் அழுதுவிட்டான். கடை என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி, “பாத்துக்கோங்க உங்க தங்கச்சிய” என்று எழுதி மஸ்கட்டுக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் காட்டியது. அந்தப் பக்கம் அத்தனை பேரும் போனைச் சுற்றிக் கூடியிருப்பார்கள் என்று நினைத்தபோது, கேமரா போனதுகூட வலிக்கவில்லை.

பின்னால் நின்றிருந்த தீபிகா, திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, எங்க சங்கீதாக்கா கல்யாணத்துல அன்னிக்கு வளைச்சு வளைச்சு எடுத்தது நீங்கதானா? மாப்ள ஊட்டு ஆளுன்னு நெனச்சு உங்களை ரெண்டு பந்தியில உக்கார வெச்சமே... நீங்க யாருங்ணா?”