உச்சி முதல் கணுக்கால் வரை

“கால்ல ஒண்ணும் இல்ல, மதாம்” என்றாள் மாணவி லான்.

ஒடெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் கட்டில்காரருக்கு இடது காலில் ஆறு விரல். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சுண்டுவிரல், நகமும் கிகமுமாக, லட்சணமாக ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று நேற்று வந்து படுத்த மனிதரைப் பரீட்சைக்குத் தேர்ந்தெடுத்ததே அந்த விரலுக்காகத்தான்.

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து தாதிப் பள்ளியில் பாடம் நடத்திய ஒடெட், ஒரு மாதமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: உச்சி முதல் உள்ளங்கால் வரை பார், தொடு, கேள், அப்புறம் வாயைத் திற. 1950ஆம் வருஷம் அது; பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து ஊரெங்கும் கலகம். பக்கத்துச் சோலோன் பேட்டையில் குண்டு வெடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்வாள்.

இன்று பரீட்சையைப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவார் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அதன்படியே வெள்ளைக் கோட்டு போட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்து, “நிறுத்தாதீங்க மதாம், நானும் பார்க்கிறேன்” என்று சுவரோரமாக நின்றுகொண்டார். அவர் மெச்சினால் ஒடெட் தலைமை ஆசிரியை. இல்லாவிட்டால் பழையபடி வார்டில் மலச்சட்டி தூக்க வேண்டியதுதான்.

கணுக்கால் வரை லான் ஜமாய்த்துவிட்டாள். மண்டையில் பழைய தையல், கடைவாயில் சொத்தை, புஜத்தில் அம்மை குத்திய தழும்பு, எதையும் விடவில்லை. நாடி தறிகெட்டு ஓடுகிறது என்றாள். காய்ச்சல்காரருக்கு ஓடாமல் என்ன செய்யும்? பாதத்துக்கு வந்ததும்தான் பெண்ணுக்குக் கண் அவிந்துவிட்டது.

பரீட்சையில் விடையை ஆசிரியையே சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, “விரலை எண்ணு” என்றாள் ஒடெட்.

“அஞ்சு, மதாம்.”

“அப்போ இது என்ன?”

“போர்வை மடிப்பு, மதாம்.”

வெள்ளைக் கோட்டு கழுத்தை நீட்டியது. “கால்ல ஏதாவது விசேஷமா?”

வகுப்பிலேயே கெட்டிக்காரி ஹோவா. ஒடெட் அவளை முன்னால் தள்ளினாள். ஹோவா குனிந்து பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

“சிரங்கு, மதாம். தொட்டா ஒட்டிக்கும்.”

சொன்னதோடு விடாமல், ஒரு கட்டுத் துணியை எடுத்துப் பாதம் பூசணிக்காய் அளவாகும்வரை சுற்றினாள். வெள்ளைக் கோட்டு இரண்டடி பின்வாங்கியது.

“எந்தப் புஸ்தகத்துலடி படிச்சே? அவிழு அதை!”

“அக்கா, விட்டுடுங்க” என்று தமிழில் முணுமுணுத்தாள் பொலேத். மாணவிகளில் அவள் ஒருத்திதான் புதுச்சேரிக்காரி.

“வகுப்புல பிரெஞ்சு! முணுமுணுத்தது போதும், நீ வந்து சொல்லு.”

பொலேத் கட்டைப் பார்த்தாள், பிரெஞ்சுக்காரரைப் பார்த்தாள். பிறகு வார்டே கேட்கும்படி பிரெஞ்சில் அறிவித்தாள்:

“பெரியம்மை, மதாம். கால்ல ஆரம்பிச்சிருக்கு.”

அதுவரை மூச்சுக் காட்டாமல் கிடந்த நோயாளி “ஐயோ” என்று முனகினார். லான் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“அம்மை குத்தின தழும்பை இப்பதானேடி காட்டினா!” என்று ஒடெட் கத்தியது யார் காதிலும் விழவில்லை. வெள்ளைக் கோட்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. சற்று நேரத்தில் கீழே ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஒடெட் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். தலைமை ஆசிரியைப் பதவி அந்த ஜீப்பிலேயே ஏறிப் போவது போலிருந்தது.

“மூணு பேரும் பெயில்! ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்தினேனே, ஆறாவது விரல் ஒருத்தி கண்ணுக்குமா தெரியல?”

பொலேத் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“தெரியாம என்னக்கா? கால்ல ஆறு விரல் உள்ள ஆளு எந்தக் கட்டில்ல இருக்கான்னுதான் அந்த வெள்ளைக் கோட்டு போட்ட போலீஸ் முசே காலையிலேர்ந்து வார்டு வார்டா விசாரிச்சுக்கிட்டு வர்றாரு!”