டென்ஷனைக் குறைக்கவும்

சட்டைப் பை முதுகில் இருந்தது.

பெரியவர் அந்த வெள்ளைச் சட்டையைத் தோள்பட்டையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதைத் தூக்கிக் காட்டினாலும் எதிரில் இருப்பவருக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

"என்னடா இது?"

தையல் மெஷினிலிருந்து தம்பி நிமிர்ந்தார். "சட்டைண்ணே."

"பை எங்க இருக்கு?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முதுகுல இருக்கு."

"பேனா வேணும்னா பின்பெஞ்சுக்காரன எடுத்துக் குடுக்கச் சொல்லணுமா?"

தம்பி சிரிக்கவில்லை. அண்ணன் சொல்லும் எந்த நகைச்சுவைக்கும் மரியாதைக்காவது சிரித்துவிடும் தம்பி அவர். பெரியவர் சட்டையை மெல்லக் கீழே வைத்தார்.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. நூற்று இருபது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க வேண்டும், ஐம்பதுகூட முடியவில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே மூன்று மெஷின்கள். ஒன்றில் தம்பி, ஒன்றில் தம்பி மனைவி. மூன்றாவது அப்பா காலத்து மெஷின். ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். விரலிடுக்கில் எந்நேரமும் கறுப்பு ஒட்டியிருப்பதால் தெருவில் அவருக்கு 'கிரீஸ்' என்றே பெயர்.

கடை வாசலில் அப்பா தன் கையால் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'சொன்ன நாளில் கிடைக்கும்.' நாற்பத்தாறு வருடத்தில் அந்தப் பலகை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பெரியவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் அந்தப் பலகையைத் துடைப்பவர் அவர்தான். அதில் தூசி படுவதே அவருக்குப் பொறுக்காது. அது பொய்த்துப் போனால் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்?

தம்பி மனைவி மெல்ல வந்து சொன்னாள். "நேத்து துணி வெட்டிக்கிட்டு இருக்கும்போதே கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சாம் மாமா. காலையில டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தாரு. என்ன சொன்னாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

"அப்படியா சேதி!"

ஆணியில் தம்பியின் சட்டை தொங்கியது. அதன் பை நல்லவேளையாக முன்னால்தான் இருந்தது. பெரியவர் கைவிட்டார். நாலாக மடித்த சீட்டு ஒன்று வந்தது. மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"பாவம், டாக்டருக்கும் கை கழுவ நேரமில்ல போல" என்றபடி பிரித்து, வகுப்பில் வாசிப்பது போல உரக்க வாசித்தார்.

"டென்ஷனைக் குறைக்கவும். தலைக்கு தினமும் இரண்டு சொட்டு எண்ணெய். பெல்ட் ரொம்ப இறுக்கம், தளர்த்தவும். ஒரு மணி நேரம் ஓடினால் பத்து நிமிடம் நிறுத்தவும். நிறுத்தியதும் காலைத் தூக்கி வைத்து, துணி போட்டு மூடவும்."

தம்பி மெஷினை நிறுத்தினார். சீட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவரின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"ஏன்டா, இவ்வளவு எழுதிக் குடுத்திருக்கார், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரிட்டையர் ஆனவன், சும்மா உக்காந்திருக்கிறவன், இவனால என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சிட்டியா?"

தம்பி திறந்த வாயை மூடிக்கொண்டார். அண்ணனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே. நீங்க சொல்றபடி செஞ்சிடறேன்."

"நான் சொல்லல. டாக்டர் சொல்றார். ஓடினால்னு எழுதியிருக்காரே, நீ எங்கடா ஓடுற?"

"மெஷின்ல உக்காந்தே ஓடிட்டுத்தாண்ணே இருக்கேன்."

சிகிச்சை உடனே தொடங்கியது. இவ்வளவு பெரிய தலைக்கு இரண்டு சொட்டு என்பது டாக்டரின் கஞ்சத்தனம் என்று பெரியவருக்குப் பட்டது. அரைக் கிண்ணம் ஊற்றித் தேய்த்தார். எண்ணெய் நெற்றி வழியாக இறங்கி, மூக்கு நுனியில் நின்று யோசித்து, தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் சொட்டியது. பதினொரு சட்டைகள் பாழாயின. தம்பி மனைவி மெஷினை விட்டுவிட்டு வாளியும் சோப்புமாகக் கிளம்பினாள்.

"கறை போகும். தம்பியோட உசுரு போனா வருமா?" என்று பெரியவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் பெல்ட்டுக்கு வந்தார். இரண்டு ஓட்டை தளர்த்தினார். தம்பி முகத்தில் மாற்றம் தெரியாததால் இன்னும் இரண்டு. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், துணி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். மரியாதைக்கு எழுந்து நின்றார் தம்பி. எழுந்தவர் சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இடுப்பு வலியா மாஸ்டர்?"

"இல்லம்மா, காத்தோட்டம்" என்றார் பெரியவர்.

இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி வலது கையால் மட்டும் தம்பி துணி வெட்டியதில், ஆறு கால்சட்டைகளில் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் போயின. ஆனாலும் அந்தக் கையைப் புகழத்தான் வேண்டும். ஒரு பெருமூச்சுகூட விடாமல் ஆறையும் பிரித்து, மடிப்புக்குள் விட்டிருந்த துணியை இறக்கி, கோடு போட்டதுபோல் மறுபடி தைத்தார். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு, தான் போர்டில் சாக்பீஸால் போட்ட எந்தக் கோடும் இவ்வளவு நேராக வந்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

மணிக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு. கையில் கடிகாரத்தோடு பெரியவர் காவல் இருந்தார். தம்பி துணி வெட்டும் மேஜை மேல் படுத்து, துணிக்கட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். முதல் ஓய்வில் மட்டும், "ஒரு நிமிஷம்ணே" என்று வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"புது ஆர்டரா? வேண்டாம்னு சொல்லு!"

"வேண்டாம்னுதாண்ணே சொன்னேன்."

பிறகு இருவரும் சும்மா இருந்தார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தம்பி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட, பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் தன்னை அறியாமல் அதே மாதிரி இழுத்து விட்டார். ஒரே வீட்டில் இருந்தும், வாயை மூடிக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று பெரியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு வரவில்லை. அதற்குள் பத்து நிமிடம் முடிந்தது.

சாயங்காலம் அப்பா காலத்து மெஷின்கூட முனகலை நிறுத்திவிட்டது. தம்பி மனைவி அதில் உட்கார்ந்து பூப்போல ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா? வீடு அமைதியா இருந்தா மெஷினும் அமைதியாயிடுது" என்றார் பெரியவர்.

அவள் குனிந்து ஊசியைப் பார்த்தபடி, "ஆமா மாமா" என்றாள். அவள் தோள் ஏன் குலுங்கியது என்று அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மதியம்தான் வினை வந்தது. அதுவரை தட்டிக் கழித்திருந்த 'துணி போட்டு மூடவும்' என்ற கடைசிக் கட்டளையையும் நிறைவேற்றிவிடுவது என்று முடிவு செய்தார் பெரியவர். மேஜை மேல் மல்லாந்து படுத்திருந்த தம்பியை, தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணியால் மூடினார். உள்ளே இருந்தவர் உண்மையாகவே தூங்கிப் போனார். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. எழுப்ப மனம் வராமல் பெரியவர் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் வாசலில் வந்து நின்றார். பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது.

"சார்..."

"உஷ். சத்தம் போடாதீங்கம்மா. தம்பி ஓய்வுல இருக்கான்."

"எப்ப சார்?"

"முக்கால் மணி நேரம் ஆச்சு."

"ஐயோ! நேத்து நல்லா நின்னு பேசினாரே!"

"நின்னுதான் பேசினான். ரொம்பப் பாடுபட்டுட்டாம்மா. இப்பத்தான் முகத்துல ஒரு அமைதி."

டீச்சருக்குக் கண் கலங்கியது. "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"பட்டன் பத்தலன்னு சொன்னான்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். தம்பியின் மேல் ஊராருக்கு இவ்வளவு அக்கறையா என்று பெரியவர் பூரித்துப் போனார்.

கால் மணி நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். எல்லார் முகத்திலும் துக்கம். துக்கத்துக்குப் பின்னால், திங்கட்கிழமை. கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் சார். தச்சது போக மீதித் துணியக் குடுத்தீங்கன்னா, வேற எங்கயாவது..."

பெரியவர் எழுந்தார். முதுகு கம்பிபோல் நிமிர்ந்தது. "பலகையப் படிச்சீங்களா? இந்த வாசல்ல இருந்து பாதித் துணியோட யாரும் போனதில்ல. என் தம்பி எழுந்திரிச்சு வந்து தச்சுத் தருவான்!"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "பாசத்துல ஏதேதோ பேசுறாரு" என்று ஒரு பெண் விசும்பினாள்.

அப்போது துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அவரோடது எண்பத்திரண்டாம் நம்பர்ணே. காலர் மட்டும்தான் பாக்கி."

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். பாதிப்பேர் தெருவில் இருந்தார்கள். துணி கேட்டவர் வெட்டுத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தார். தம்பி துணியை விலக்கி, எண்ணெய் மின்னும் தலையோடு எழுந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தார். இரண்டு நாள் முன்பு சட்டைப் பை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழித்த கண்ணா அது? கழுவி வைத்ததுபோல் இருந்தது. வேறொருவராக இருந்தால் கத்தியிருப்பார். தம்பி சிரித்தார்.

"வந்ததுதான் வந்துட்டீங்க. பட்டன் தைக்கத் தெரிஞ்சவங்க உள்ள வாங்க. தெரியாதவங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து மொதல்ல மூச்சு விடுங்க."

வெட்கத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. பட்டனை அவர்களே வாங்கி வந்தார்கள். இழவு கேட்க வந்தவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பட்டன் தைத்தார்கள், அயர்ன் செய்தார்கள், மடித்தார்கள். மணிக்கு ஒருமுறை பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, "நிறுத்துங்க!" என்பார். அத்தனை பேரும் காலைத் தூக்கி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூற்று இருபதாவது சட்டைக்குக் கடைசிப் பட்டன் விழுந்தது. பை முன்னால்தான் இருந்தது. பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார்.

பலகை பொய்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பலகைக்குக் கீழே மாட்டினார் பெரியவர். மாட்டிவிட்டு இறங்கும்போது கிரீஸ் வந்து நின்றார்.

"வாப்பா. இதப் படி. எங்க குடும்ப மானத்தைக் காப்பாத்தின டாக்டர் சீட்டு. இந்த மாதிரி எழுதுற டாக்டர நீ பாத்திருக்க மாட்ட."

கிரீஸ் படித்தார். மூலையிலிருந்த கறுப்பு ரேகையைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஓ, இங்கதான் இருக்கா இது! அன்னைக்கே தம்பி போன் பண்ணி, 'மெஷினுக்கு நீங்க எழுதிக் குடுத்த சீட்டு அண்ணன் கையில எனக்கு வைத்தியமாயிடுச்சு, அவர்கிட்ட திருப்பிக் கேக்க எனக்கு மனசு வரல, மெஷினுக்கு வேற எழுதிக் குடுங்க'ன்னு சொன்னாருங்க ஐயா."