கால் சுற்று வலம்

"இப்பக் கேளு. சத்தம் குறைஞ்சிருக்கா?" பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"அப்படியேதான் இருக்கு," என்றாள் மனைவி, துவைத்த போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே.

காது விஷயத்தில் அவளுக்கு வாத்தியார் பாஸ் மார்க்கூடப் போடமாட்டார். பழைய டீசல் கார். டீசலை அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற பம்பில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைக் கால் சுற்றுத் திருப்பினால் எஞ்சின் பாடும், அரைச் சுற்றுத் திருப்பினால் இருமும். ஒரு வருஷமாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வருகிறார்: 'வலம் கால் சுற்று, புகை வெளுத்தது. இடம் அரைக்கால், புகை கறுத்தது.'

"நாலு மணி ரயில்ல பொண்ணு கைக்குழந்தையோட வந்து எறங்குறா. ஓடுற வண்டிய விட்டுடுங்களேன்."

"குழந்தை ஏறுற வண்டி இருமலாமா?"

இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினார். மனசு ஒப்பவில்லை. பம்புக்கு டீசல் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஓடுகிற எஞ்சினிலேயே குழாய் நட்டைத் தளர்த்தினார். டீசல் பீறிட்டு நேரே போர்வையில் போய் விழுந்தது. பதறிப்போய் நட்டை இறுக்குவதற்குள் குழாயில் காற்று புகுந்து, எஞ்சின் ரெண்டு தரம் விக்கி நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். பத்துத் தரம் உறுமிவிட்டுப் பதினோராவது தரம் பேட்டரியும் படுத்துவிட்டது.

மணி மூன்று. மனைவி போர்வையை வாளியில் அமுக்கிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்றினார். தன் வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். ஒரே பிடியில் எஞ்சின் கிளம்பியது. இத்தனை சீரான ஓட்டத்தை வாத்தியார் கேட்டதே இல்லை. ஸ்டேஷனுக்குப் போக நேரமும் தாராளமாக இருந்தது. நெஞ்சு நிறைந்தாலும் மனசாட்சி மட்டும் உறுத்தியது.

"உன்கிட்ட மறைக்கக் கூடாதுப்பா. காலையிலேர்ந்து பம்பு ஸ்க்ரூவப் பத்தொம்பது தரம் திருப்பிட்டேன். பழைய எடத்துக்குக் கொண்டாந்து வச்சிடு." நோட்டை நீட்டினார்.

மெக்கானிக் மரியாதையாக ரெண்டு பக்கம் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது எங்க இருந்தாலும் பரவால்ல சார். நெசமான ஸ்க்ரூவுக்குப் போன வருஷமே சீல் வச்சாச்சு. நீங்க திருப்புறது எதோடயும் சேராதது. உங்களுக்குன்னு அம்மாதான் தனியா ஒண்ணு மாட்டச் சொன்னாங்க."