பூட்டிய பையும் பதினொன்றரை மணிக் கல்யாணமும்

தோல் கைப்பையை மூடுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட முறைகள் நான்கு. இது என் கருத்து இல்லை, நான் வேலை செய்யும் ஓப்ரியாக் நிறுவனத்தின் சுற்றறிக்கை. பாரிஸில் எங்கள் கடைப் பைக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். கைக்கு வந்ததும் வாங்கியவர் நான்கு முறையையும் செய்து காட்ட வேண்டும். முதல் முறை: இரண்டு வாரையும் இழுத்து, கொக்கியைத் திருகி, குட்டிப் பூட்டும் போடுவது. இரண்டாவது: வார் மட்டும். மூன்றாவது: மேல்மடலை உள்ளே செருகிவிட்டு வாயைத் திறந்து வைப்பது. நான்காவது, அலட்சியத் திறப்பு. எல்லாம் சும்மா தொங்க வேண்டும். அப்படிச் சும்மா தொங்க நாற்பது நிமிஷப் பயிற்சி. மாட்டுவது முழங்கை மடிப்பில்தான், தோளில் மாட்டினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். ஊழியர்களுக்கும் இதில் தேர்வு உண்டு. பள்ளிக்கூடத்தில் தேறாத நான் இதில் முதல் மதிப்பெண்.

இந்த வருஷம் ஒரு திருத்தம் வந்தது: பூட்டுச் சாவி இனிமேல் யார் கண்ணிலும் படக் கூடாது.

மதாம் ஜிஸ்லேன் பெரோதான் விதியை மதிப்பவர். சாவியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். பைக்குள். அப்புறம் பூட்டை அழுத்திவிட்டார்.

அன்று அவருக்குக் கல்யாணம். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டாவது. பதினொன்றரைக்கு, எங்கள் கடைக்கு எதிரே, கல்யாணம் பதியும் நகர மன்றத்தில். அடையாள அட்டை இல்லாமல் கல்யாணம் கிடையாது. அட்டை பைக்குள். பதினொன்றுக்குக் கடைக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை அர்மோன், ரொட்டிக் கடைக்காரர், விருந்துக்கான நீள ரொட்டிகளைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு.

"மாத்துச் சாவி குடுங்க முசியே!"

மேலாளர் முசியே தெலாப்லாஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். "தாராளமா மதாம். பை உங்களோடதுன்னு உரிமைச் சான்றிதழ்?"

"பைக்குள்ள."

"நீங்க நீங்கதான்னு காட்ட அடையாள அட்டை?"

"அதுவும் உள்ளதான்!"

"அப்ப பையத் திறந்து அதை எடுத்துக் காட்டுங்க. உடனே பையத் திறந்து தர்றோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். "பை வார வெட்டிரலாம் மதாம். ரெண்டு நொடி வேலை."

மதாம் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வெட்டட்டும் ஜிஸ்லேன்," அர்மோன் கெஞ்சினார். "நான் வேணுமா, பை வேணுமா?"

"இதுக்கு மூணு வருஷம் காத்திருந்தேன். உன்னத் தெரிஞ்சு ஆறு மாசம்தான் ஆகுது. அவசரப்படுத்தாத."

அர்மோன் என் கையைப் பிடித்தார். "நீயாவது வாம்மா. நடந்தத அங்க சொல்லு."

நகர மன்றத்தில் துணை மேயர் மதாம் கெரூவால் அட்டையைக் கேட்டார். அப்புறம்தான் பையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"ஓப்ரியாக்கா? அசலா?"

"மூணு வருஷம்," என்றார் மதாம் ஜிஸ்லேன்.

"என் மனுவ ரெண்டு தடவ தள்ளிட்டாங்க. வாடகை ரசீது, பல் வைத்தியர் கடிதம், நாய் பேரு வரைக்கும் கேட்டாங்க. அவங்களே உங்கள நம்பிட்டாங்க, அரசாங்கம் யாரு சந்தேகப்பட?"

பையின் வரிசை எண் பதிவேட்டில் ஏறியது.

அடுத்து அர்மோன். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, எல்லாவற்றையும் நீட்டினார்.

"இதெல்லாம் எவன்கிட்டயும் இருக்கும். உங்க பை எங்க?"

அர்மோன் துணிப்பையைத் தூக்கிக் காட்டினார். ஒரு காது அறுந்து தொங்கியது. வாய் பிளந்திருந்தது. ரொட்டிகள் எட்டிப் பார்த்தன.

"இது எந்த முறை?"

ஜிஸ்லேன் முகம் வெளுத்தது. மணி பதினொன்று நாற்பது. அடுத்த ஜோடி கதவை இடித்துக்கொண்டிருந்தது. அர்மோன் என்னைப் பார்த்தார்.

"நாலாவது முறை மதாம்," என்றேன். "அலட்சியத் திறப்பு. இவ்வளவு சுத்தமா எங்க கடையில யாருக்கும் வந்ததில்ல."

அது பொய்கூட இல்லை.

"எத்தன வருஷப் பயிற்சி?"

"முப்பது," என்றார் அர்மோன். முத்திரை விழுந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவில் பையோடு.

திங்கட்கிழமை எங்கள் கண்ணாடி ஜன்னலில் ஐந்தாம் முறை வந்தது: கிழிந்த துணிப்பை, ஒரு காது அறுந்தது, உள்ளே ரொட்டி. ரொட்டி தனி விலை. காத்திருப்போர் பட்டியலில் அர்மோனும் இருக்கிறார். அவருடையது அசல் இல்லையாம். மதாம் ஜிஸ்லேனின் பை இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. இப்போதுதான் அழகாக இருக்கிறது என்கிறார்.

பைத்தியக்காரக் கூட்டம் என்று சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றுகொண்டுதான் சொன்னேன். என் எண் எண்ணூற்று நாற்பத்திரண்டு. நீங்கள் எனக்குப் பின்னால்தான். தள்ளாதீர்கள்.